முப்பத்தெட்டுத் துண்டு, முப்பத்தேழு பேர்

போன மாதம் என் மகள் சுமதி கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அம்மா, இது ஒங்க கப்பல்தானே?" என்று கேட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எங்கள் கப்பல்தான். ஆனால் எனக்குத் தெரிந்த முகம் இல்லை, அதன் சின்ன வயது முகம். கறுப்பு உடம்பு, வெள்ளை மேல்தட்டு, பின்னால் மழைத் தூறலில் பாதி மறைந்த ஒரு மலை.

ஸ்கொட்லாந்தில் பழைய பயணிகள் கப்பல்களைத் தேடித் தேடிப் படம் பிடித்து, எது எங்கே ஓடியது, எங்கே போனது என்று எழுதி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்களாம். சொந்தக்காரரைத் தேடுவது போலத் தேடுகிறார்கள். கீழே இருந்ததை மகள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். எந்தெந்தத் தீவுக்குப் போனது, எத்தனை கார் ஏற்றியது, எப்போது எஞ்சின் மாற்றினார்கள், எல்லாம் ஒரு பக்கம் நிறைய இருந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி. 'வளைகுடா நாட்டுக்கு விற்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.'

அதற்குப் பிறகுதான் நான் அதில் பதினொரு வருடம் வேலை செய்தேன்.

இங்கே அமீரகத்தில் அல் ஐனில் எங்கள் ஆட்கள் போடுகிற ஆண்டு மலருக்கு, வேலை செய்து ஓய்ந்த பெண்கள் யாராவது எழுத வேண்டும் என்று சுமதியின் தோழிகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் பாடசாலை போனவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூடக் கூச்சப்படுவேன். முடியாது முடியாது என்றே சொல்லிவந்தேன். ஆனால் அந்த 'ஒன்றும் தெரியவில்லை' என்ற வரியைக் கேட்ட பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. தெரியாது என்றால் நான் சொல்கிறேன்.

நான் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். புருசன் இறந்த மறு வருடம் ஓமானில் சோஹாருக்கு வீட்டு வேலைக்கு வந்தேன். ஒரே வீட்டில் ஏழு வருடம். அந்த வீட்டுக்காரர்தான் என் கஃபீல், அதாவது எனக்கு விசா கொடுத்தவர். அவரும் இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு பழைய கப்பலை வாங்கினார்கள். சோஹாரிலிருந்து வடக்கே, மலையெல்லாம் கடலுக்குள் இறங்கி நிற்கிற முசந்தம் பக்கத்துக்குச் சனத்தையும் காரையும் ஏற்றிப் போவதற்கு. அதில் பெண்களுக்குத் தனி அறை வைத்தார்கள். அதற்குள் ஆண் பிள்ளை யாரும் கால் வைக்கக்கூடாது. அப்படியென்றால் பெருக்க, துடைக்க, வாந்தி எடுத்தால் பிடிக்க ஒரு பெண் வேண்டும். கஃபீல் என்னைக் கூப்பிட்டு, ஒரு வாரம் போய்ப் பார், ஆள் கிடைத்ததும் திரும்பி வா என்றார். அந்த ஆள் கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை.

பயிற்சி மூன்றே நாள். தீயணைக்கிற உருளையை எப்படிப் பிடிப்பது, மிதவைச் சட்டையை எப்படிக் கட்டுவது, விசில் எங்கே இருக்கும், எல்லாம் சொல்லித் தந்தார்கள். கடைசி நாள் அதைப் போட்டுக்கொண்டு உயரத்திலிருந்து நீச்சல் குளத்தில் குதிக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். எனக்குத் தண்ணீருக்குப் பயம் இல்லை, அவர்கள் பார்ப்பார்களே என்றுதான் பயம். அசையாமல் நின்றேன். சொல்லிக் கொடுத்தவருக்குப் புரிந்துவிட்டது. எல்லாரையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் சுவரைப் பார்த்து நிற்க, நான் குதித்தேன். வெளியே வந்ததும் பாஸ் என்றார்கள். நீச்சல் இன்றைக்கும் தெரியாது.

கப்பலுக்குப் புதிதாக ஒரு அரபிப் பெயர் எழுதியிருந்தார்கள். பழைய பெயர் இரும்பிலேயே புடைத்து எழுதியது. பெயிண்ட் அடித்தும் மறையவில்லை, வெயில் சாய்வாக விழும்போது எழுத்து எழுத்தாகத் தெரியும். நாங்கள் இரண்டு பெயரையும் சொல்லமாட்டோம். வேலை செய்த வடநாட்டுப் பையன்கள் 'சாச்சி' என்பார்கள். சித்தி என்று அர்த்தம். சாச்சிக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை, சாச்சி இன்றைக்கு முனகுகிறாள், இப்படி.

சாச்சி மழைக்குப் பிறந்தவள். எங்கே பார்த்தாலும் தண்ணீர் வடிய ஓட்டை, ஈரக் கோட்டு மாட்டக் கொக்கி. ஜன்னலெல்லாம் சின்னது. குளிருக்காகச் சுவருக்குள் தடிப்பாக எதையோ அடைத்திருந்தார்கள். அந்த வெயிலில் அவளுக்கு வேர்த்துக் கொட்டும். நான் பார்த்துக்கொண்ட பெண்கள் அறை, ஸ்கொட்லாந்தில் ஓடியபோது ஆண்கள் உட்கார்ந்து சாராயம் குடிக்கிற இடமாம். மேசையில் கிளாஸ் வைத்த வட்டத் தழும்பு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதன் மேல்தான் நான் பேரீச்சம்பழத் தட்டை வைப்பேன்.

பெண்கள் அறையைத் தாண்டி, படிக்குக் கீழே, ஒரு சின்ன அறை இருந்தது. அது மழையில் நனைந்த கோட்டுகளை மாட்டிக் காயவைக்கிற அறை. எஞ்சின் அறைச் சுவரை ஒட்டியே கட்டி, அங்கிருந்து சூடான குழாய்களைச் சுவர் வழியே இழுத்திருந்தார்கள். அந்த வெயில் கடலில் எந்தக் கோட்டு, எந்த மழை. குழாயை அடைத்துவிட்டு, பாய் விரித்து, குறுக்கே ஒரு திரை கட்டினோம். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள், தொழுகிறவர்கள் அங்கே போவார்கள். ஆனால் குழாய் நுழைகிற ஓட்டைகள் சரியாக மூடவில்லை. எஞ்சின் வாடை வரும். அதற்காகவே நான் அடிக்கடி பகூர் என்கிற வாசனைப் புகை காட்டுவேன். கதவு இன்னொரு தொல்லை. கனமான கதவு, வெயிலில் ஊதிப்போய் இறுகிக்கொள்ளும். கைப்பிடியை மேலே தூக்கிக்கொண்டே அடியில் முழங்காலால் ஒரு இடி கொடுத்தால்தான் திறக்கும். தெரியாதவர்களுக்குத் திறக்கவே திறக்காது. அதனால் மரக்கட்டை ஒன்றைச் செருகி எப்போதும் திறந்தே வைத்திருப்பேன்.

கேப்டன் ஸ்கொட்லாந்துக்காரர். கப்பலை ஒப்படைத்துவிட்டுப் போக வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். வயதானவர், சிவந்த முகம், பேச்சு ரொம்பக் குறைவு. முசந்தம் மலைகளை முதல் தடவை பார்த்தபோது, "எங்கள் ஊரேதான், தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார்கள்" என்றாராம். கேப்டன் ஜோக் சொன்னார் என்று ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

தினமும் காலையில் சனம் ஏறுவதற்கு முன்னால் கப்பல் முழுக்கச் சுற்றி வருவார். விரலால் கைப்பிடிக் கம்பியைத் தடவிப் பார்ப்பார். அழுக்கு இருந்தால் திட்டமாட்டார், அந்த விரலை நமக்குக் காட்டுவார், அவ்வளவுதான். என் அறை வாசலுக்கு வந்ததும் மட்டும் நிற்பார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். உள்ளே யாருமே இல்லை, நான் மட்டும்தான், அவர் கப்பல், இருந்தாலும் கதவைத் தட்டுவார். நான் தலையசைத்தால், "மார்னிங், மிஸஸ் பாக்கியம்" என்பார். வாசலுக்கு வெளியே நின்றே கண்ணால் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. நான் இருந்த வீட்டில் என் பெயரை முழுசாகச் சொன்னவர்களே கிடையாது, இவர் மிஸஸ் வேறு சேர்த்துச் சொல்கிறார். முதல் மாதம் எனக்கு வெட்கத்தில் தலையே நிமிரவில்லை.

என் வேலையில் முதல் வேலை துண்டு. வெளுத்த சின்னத் துண்டுகளைப் பன்னீர்த் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, சுருட்டி, ஐஸ் பெட்டியில் வைப்பேன். தட்டுக்குப் பத்து, நாலு தட்டு. அறைக்கு ஒரே வாசல். உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கையில் ஒரு துண்டு. பிள்ளைகளுக்குக் கிடையாது. அம்மா துடைத்த பிறகு அதனாலேயே பிள்ளைக்கும் துடைத்துவிடுவாள். ஒருத்திக்கு இரண்டு கொடுக்கவே மாட்டேன், சில பேர் கேட்பார்கள், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆகவே தட்டில் மிச்சம் என்ன என்று பார்த்தாலே உள்ளே எத்தனை பெண்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். சலவைக்காக வைத்த கணக்குதான். வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பயணிகள் பட்டியல் பர்சரிடம் இருந்தது. சீட்டு, பட்டியல், சனத்தை ஏற்றி இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. குரியன் என்று பெயர், கேரளத்துக்காரர், நல்ல மனுசர், ஆனால் வாய் சும்மா இருக்காது. நான் துண்டு எண்ணுவதைப் பார்த்தால், "சேச்சி, டவல் எல்லாம் லீவு கேக்காம டூட்டிக்கு வந்தாச்சா?" என்பார்.

கடினமான நாளைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு நல்ல நாளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குளிர்காலத்தில் வெள்ளைக்கார டூரிஸ்டுகள் நிறைய வந்தார்கள். அதில் ஒரு வயசான அம்மா என் அறைக்குள் வந்தவள், துண்டைக்கூட வாங்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மேசைத் தழும்பைத் தடவினாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான், கல்யாணம் முடிந்து புருசனோடு முதல் பயணம் போனது இந்தக் கப்பலில்தான். புருசன் வாசலுக்கு வெளியே நின்று தவித்துக்கொண்டிருந்தார். அவர் குடித்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.

ஆண் உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். ஆனால் உள்ளே இருந்த அரபிப் பெண்களுக்குக் கதை எப்படியோ புரிந்துவிட்டது. அதில் ஒரு பெரிய மனுசி, "யல்லா, அஞ்சு நிமிசம்" என்று எல்லாரையும் எழுப்பிச் சின்ன அறைக்குள் கூட்டிப்போய்த் திரையை இழுத்துக்கொண்டாள். கிழவர் உள்ளே வந்து மூலையில் ஒரு இடத்தில் உட்கார்ந்தார். நான் ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குவது எனக்குக் கேட்டது. சாச்சியை அவள் ஊர்ப் பயணிகள் அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்திருப்பார்கள்.

இனி அந்த நாள்.

அன்றைக்குக் கூட்டம். நாலாவது தட்டில் இரண்டே இரண்டு துண்டு மிச்சம். முப்பத்தெட்டுப் பெண்கள். காலை பதினொரு மணி இருக்கும், கரை தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்துகொண்டிருந்தது. திடீரென்று எஞ்சின் சத்தம் நின்றது. பழகின காதுக்கு அந்த அமைதிதான் முதல் பயம். அப்புறம் மணி விடாமல் அடிக்க ஆரம்பித்தது. எஞ்சின் அறையில் தீ.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததை அப்படியே செய்தேன். இருக்கைக்கு அடியிலிருந்து மிதவைச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். பெண்களை மேல்தட்டுக்கு அனுப்பினேன். போகும்போது எல்லாக் கதவையும் சாத்த வேண்டும், புகை பரவாமல் இருக்க. அதனால் சின்ன அறையின் மரக்கட்டையைக் காலால் தள்ளிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினேன். மேல்தட்டில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன, ஒருத்தி மயங்கிச் சரிந்தாள், அவளைப் பிடிக்க ஓடினேன்.

மேலே எல்லாரும் கூடி நின்றார்கள். குரியன் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பத் தலைவர் பெயராகக் கூப்பிட்டார். அங்கே அதுதான் வழக்கம். பெண்களை உற்றுப் பார்த்து எண்ணுவது மரியாதை இல்லை. முகம் மூடியிருப்பார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. அதனால் ஆணைக் கேட்பார்கள், உங்கள் வீட்டார் எல்லாரும் இருக்கிறார்களா என்று. அவர் திரும்பிப் பார்ப்பார், இருக்கிறார்கள் என்பார், பர்சர் கோடு போடுவார். அப்படியே எல்லாப் பெயருக்கும் கோடு விழுந்தது.

எனக்குக் கை சும்மா இருக்காது. நான் தலைகளை எண்ணினேன். முப்பத்தேழு. மறுபடி எண்ணினேன். முப்பத்தேழு. குரியனிடம் போய்ச் சொன்னேன். "லிஸ்ட் கரெக்டா இருக்கு சேச்சி, யாராவது ரெண்டு டவல் வாங்கியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு ரேடியோவில் கேப்டனுக்கு எல்லாரும் இருக்கிறார்கள் என்று தகவல் கொடுத்தார்.

அந்தத் தகவலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எஞ்சின் அறைத் தீயை அணைக்க, காற்று போகிற வழியையெல்லாம் அடைத்துவிட்டு ஒரு வாயுவைத் திறந்துவிடுவார்கள். தீக்கு மூச்சு நின்றுவிடும். பக்கத்தில் மனுசர் இருந்தால் அவருக்கும் நின்றுவிடும். எல்லாத் தலையும் எண்ணி முடித்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். இப்போது குரியன் எண்ணி முடித்தாயிற்று என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் சின்ன அறை ஞாபகம் வந்தது. கதவைச் சாத்தினேன். திரைக்குப் பின்னால் பார்த்தேனா? பார்க்கவில்லை. மூடாத ஓட்டைகள், எஞ்சின் வாடை, எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. வாயுவுக்கும் அதே ஓட்டைதானே.

கேப்டன் நிற்கிற மேல் அறைக்கு நான் அதுவரை ஏறியதே இல்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு எப்படி ஏறினேன் என்று தெரியாது. உள்ளே நாலைந்து ஆபிசர்கள். கேப்டன் ரேடியோவை வாயருகே பிடித்திருந்தார். நான் வாசலில் நின்று, எனக்குத் தெரிந்த எல்லா பாஷையையும் கலந்து சொன்னேன்.

"கேப்டன். தேர்ட்டி எய்ட் டவல். தேர்ட்டி செவன் லேடி. ஒன் லேடி மாஃபி." மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம்.

ஒருவர் என்னைக் கீழே போகச் சொல்லிக் கையை ஆட்டினார். கேப்டன் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "மிஸஸ் பாக்கியம், ஷுவர்?" என்று கேட்டார். நான் தலையசைக்கவில்லை, "ஷுவர்" என்று வாய் திறந்தே சொன்னேன். அவர் ரேடியோவில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், "ஸ்டாப்." பிறகு எங்கே என்று கேட்டார். கீழே கையைக் காட்டி, கோட்டு அறை என்றேன். கடிகாரத்தைப் பார்த்து நாலு விரலைக் காட்டினார். நாலு நிமிசம்.

தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மேஸ்திரி ரஹீம் பாய், குஜராத்துக்காரர், மலை மாதிரி ஆள். அவரைக் கூட அனுப்பினார். என்னை நிறுத்தப் பார்த்தார்கள். கதவு எனக்குத்தான் திறக்கும் என்று சொன்னேன். போகும் வழியில் ஐஸ் பெட்டியிலிருந்து மிச்சமிருந்த இரண்டு துண்டையும் எடுத்தேன். ஒன்றை ரஹீம் பாய் முகத்தில் கட்டிக்கொண்டார். இன்னொன்றை உள்ளே இருப்பவளுக்காக வைத்துக்கொண்டேன். எனக்குத் தலைத்துணி போதும்.

படிக்குக் கீழே புகை இடுப்புவரை இறங்கி நின்றது. ரஹீம் பாய் கதவைத் தோளால் இடித்தார், இரண்டு தடவை. அசையவில்லை. "ஹட்டோ பாய்" என்று அவரைத் தள்ளிவிட்டேன். அந்த மனுசரைத் தள்ளினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். கைப்பிடியை மேலே தூக்கி, முழங்காலால் ஒரு இடி. திறந்துகொண்டது.

கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் கிடந்தாள். வயசு இருபத்தைந்து இருக்கும். ஒரு குடும்பத்தோடு வந்த வேலைக்காரப் பெண். கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் பாயில் படுத்திருக்கிறாள். நான் சாத்திய சத்தத்தில்தான் விழித்திருக்கிறாள். முகத்தில் ஈரத் துண்டை வைத்ததும் கண்ணைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினாள்.

"நான் தட்டிக்கிட்டே இருந்தன் ராத்தா. ஒருத்தருக்கும் கேக்கல்ல."

ராத்தா என்றால் அக்கா. நம் நாட்டுப் பிள்ளை. அக்கரைப்பற்றுப் பக்கம். பெயர் ரமீசா என்று பிறகு தெரிந்தது. ரஹீம் பாய் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். மேல்தட்டுக்கு வந்ததும் நான் மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டு. மேலே அண்ணாந்து பார்த்தேன். கேப்டன் வெளியே வந்து நின்றிருந்தார். கையை உயர்த்திக் காட்டினேன். அவர் உள்ளே போனார். அடியிலிருந்து பெரிய பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாயு திறந்தாயிற்று. கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு இழுவைப் படகு எங்களைத் துறைக்குக் கொண்டு சேர்த்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

ரமீசா வேலை செய்த வீட்டுக்காரர், குரியன் கேட்டபோது ஆறு பேரும் இருக்கிறோம் என்று சொன்னது பொய் இல்லை. அம்மா, மனைவி, மூன்று பிள்ளைகள், அவர், ஆறு பேரும் அங்கே இருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணுக்கு எல்லாரும் இருந்தார்கள். வேலைக்காரப் பெண்ணுக்குத் தனிச் சீட்டும் கிடையாது, குடும்பச் சீட்டோடு சேர்த்திதான். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஏழு வருடம் நானும் அந்த மாதிரி ஒரு வீட்டில் இருந்தவள்தான். எண்ணும்போது நானும் விட்டுப்போயிருப்பேன். அந்த வீட்டுப் பெரிய மனுசி எழுந்து தன் நாற்காலியில் ரமீசாவை உட்காரவைத்துவிட்டு, துறை வரும்வரை நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை விசாரணை. கேப்டன் அறையில் கேப்டன், கம்பெனி அனுப்பிய ஆள் ஒருவர், குரியன், நான். முதலில் குரியனே பேசினார். ஆண்களைக் கேட்டேன், பெண்களை எண்ணவில்லை, சேச்சி வந்து சொன்னபோதும் கேட்கவில்லை என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்த வாயாடி மனுசர் குனிந்த தலை நிமிரவில்லை. கம்பெனிக்காரர் என்னைப் பார்த்து ரொம்பப் பெருமையாக ஏதோ சொன்னார். பாராட்டுகிறார் என்று குரியன் சொன்னார்.

அப்படியே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. சொன்னால் வேலை போகும், விசா போகும், ஊருக்கு அனுப்புவார்கள். சுமதி அப்போது படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் பாராட்டைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"கதவைச் சாத்துனது நான்தாங்க. உள்ள பாக்காம சாத்திட்டேன்."

குரியன் திரும்பிப் பார்த்து, "சேச்சி, இப்ப அது எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். கேப்டனிடம் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். கம்பெனிக்காரர் முகம் மாறியது. நீ சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காதே, ஏன் சொன்னாய் என்று கேட்டார்.

"அந்தப் புள்ளய அவங்க எண்ணாம விட்டாங்க. நான் பாக்காம விட்டேன். ரெண்டும் ஒன்னுதாங்க."

குரியன் இதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். கேப்டன் மேசையிலிருந்து கப்பலின் பாதுகாப்புப் புத்தகத்தை எடுத்தார். கதவுகளைச் சாத்து என்ற வரியைத் தேடிப் பிடித்துப் பேனாவால் அடித்தார். மேலே எழுதினார். எழுதியதைக் குரியனைத் தமிழில் சொல்லச் சொன்னார். முதலில் பார், அடுத்து கூப்பிடு, அதன்பிறகு சாத்து. பிறகு கம்பெனிக்காரரிடம் சொன்னாராம், இந்த அம்மா சட்டத்தில் இருந்ததை அப்படியே செய்தார், சட்டம்தான் பிழையாக இருந்தது, அதை இன்றைக்குச் சரிசெய்துவிட்டேன் என்று. அடுத்த பக்கத்தைத் திருப்பி இன்னும் சில வரிகள் எழுதினார். இனிமேல் குடும்பத் தலைவரைக் கேட்டுக் கோடு போடுவது கிடையாது. வேலைக்கு வருகிறவர் உட்பட ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு. பெண்களின் எண்ணிக்கையைப் பெண்கள் அறையிலிருந்து சொல்ல வேண்டும். அது வந்து சேரும்வரை கப்பல் துறையை விட்டு நகராது.

கம்பெனிக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தாலும் கேப்டன் அந்த விரலைத்தான் காட்டியிருப்பார்.

பெண்கள் அறையிலிருந்து எண்ணிக்கை சொல்ல வேண்டியது நான்தான் என்று புரிய ஒரு நாள் ஆயிற்று. பெண்கள் அறைச் சுவரில் பித்தளையில் ஒரு பழைய டெலிபோன் இருந்தது, ஸ்கொட்லாந்து காலத்தது, செத்துப்போன போன். எஞ்சினைப் பழுதுபார்க்க வந்தவர்களை வைத்து அதற்கும் உயிர் கொடுத்துவிட்டார் கேப்டன். நேரே அவர் அறைக்குப் போகும். நான் குரியனிடம் போய்க் கெஞ்சினேன். நான் எண்ணித் தருகிறேன், நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று.

"அது நடக்காது சேச்சி," என்றார். "நான் சொன்னா எல்லாருக்கும் பழைய குரியன் கணக்குதான் ஞாபகம் வரும்." பிறகு, "இங்கிலீஷ்ல அம்பது வரைக்கும் தெரியும்தானே? அதுக்கு மேல ஆள் வந்தா நான் கதவச் சாத்திடுறேன். பாத்துட்டுதான்" என்றார்.

பழுதுபார்த்து முடிந்து முதல் பயணம். பட்டப்பகல், கரையெல்லாம் வேடிக்கை பார்க்கிற சனம். பெண்கள் ஏறி முடித்தார்கள். ஐந்தாவதாக வைத்திருந்த தட்டிலிருந்தும் ஒரு துண்டு போயிருந்தது. டெலிபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். "எஸ், மிஸஸ் பாக்கியம்" என்றார் கேப்டன். எனக்குக் குரல் வரவில்லை. அறையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். கீழே எஞ்சின் ஓடுகிறது. ஜன்னல் வழியே பார்த்தால் கரையில் கயிற்றை அவிழ்க்கிற ஆட்கள் குனிந்தபடி காத்திருக்கிறார்கள். எங்கேயோ ஒரு கார் ஹார்ன் அடிக்கிறது. இவ்வளவும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

கேப்டன் அவசரப்படுத்தவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது, அவ்வளவுதான்.

போனைத் தொங்கவிட்டுவிட்டுச் சின்ன அறைக்குப் போனேன். திரையை விலக்கிப் பார்த்தேன். ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், என் கணக்கில் இருக்கிறவள்தான். திரும்பி வந்தேன். போனை எடுத்தேன்.

"ஃபார்ட்டி ஒன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "ஆல் லேடீஸ் ஹியர், கேப்டன்."

"தேங்க் யூ, மிஸஸ் பாக்கியம்."

கயிறுகள் விழுந்தன. சங்கு ஊதியது. தரை மெல்ல நடுங்கியது, ஜன்னலில் துறைமுகம் பின்னால் போக ஆரம்பித்தது. நான் சொன்ன பிறகுதான் போனது.